பெரிய வியாழனுக்கு ஒரு ஆள்

நான் பிரசங்கியாராகப் போயிருக்க வேண்டியவன். தொண்டை அதற்கென்றே அமைந்தது என்று அம்மா சொல்வாள். பள்ளிக்கூடத்தில் காலை ஜெபத்தில் என்னை வாசிக்கச் சொன்னால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அப்பாவுக்குத் திருவள்ளூர் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் வேலை. ரயில் கூவும்போதும் என் சத்தம் தனியாகத் தெரியும் என்பார். அதில் பெருமை எவ்வளவு, சலிப்பு எவ்வளவு என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

அறுபதுகளின் பிற்பாதியில் ஒரு கோடை. எங்கள் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன் நடந்தது. பந்தல் போட்டு, பாய் விரித்து, வெளியூரிலிருந்து பேச்சாளரை வரவழைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர், ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். நான் எழுந்து நின்றேன். அழவில்லை, உடம்பு நடுங்கவில்லை. என்னைத்தான் கேட்கிறார்கள் என்று பட்டது, நின்றேன். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை. மொத்தம் நாலு பேர் நின்றோம். அதில் ஒருவர் போன வருஷமும் நின்றவர்.

அம்மா பாயில் உட்கார்ந்தபடியே என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா நைனா, கால் மரத்துப்போச்சா?"

"இல்லம்மா. ஊழியத்துக்குப் போறேன்."

"சாப்ட்டுப் போ" என்றாள்.

அடுத்த ஒரு மாதம் நான் பிரசங்கம் பழகினேன். திருப்பாச்சூர் போகிற ரோட்டில் அறுவடை முடிந்த வயல்கள் கிடக்கும். அங்கே போய் நின்று கையை உயர்த்திப் பேசுவேன். இரண்டு எருமைகள் தவறாமல் வந்தன. வெள்ளை ஜிப்பா, கறுப்பு அட்டை போட்ட வேதப் புத்தகம், முன்னால் தலை தலையாக ஜனங்கள் என்று எல்லாம் என் கண்ணில் தயாராக இருந்தது. இறையியல் கல்லூரிக்கு ஒரு கடிதம் வாங்கத்தான் போதகர் வீட்டுக்குப் போனேன்.

போதகர் நான் சொன்னதை எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, "கர்த்தர் கூப்பிட்டாரு. சரி. சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் ஐயா."

"புண்ணு, சீழு எல்லாம் பாத்தா மயக்கம் வருமா?"

"வராதுங்க ஐயா."

"அப்ப கூப்பிட்டது வாஸ்தவந்தான்" என்று சொல்லிக் கடிதம் எழுதினார். அது கல்லூரிக்கு இல்லை. பெருவியாதிக்காரர்களுக்கு, தொழுநோய் என்கிறார்களே, அதற்கு வைத்தியம் பார்க்கிற மிஷன் ஆஸ்பத்திரிக்கு. எழுதப் படிக்கத் தெரிந்த, சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஓர் ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

ஆறு மாதப் பயிற்சி. அதற்குப் பிறகு டாக்டரம்மாவோடு மரத்தடி மரத்தடியாகச் சுற்றுகிற வேலை. டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர், சிரிப்பதற்கு நேரம் ஒதுக்காதவர். முதல் நாள் புளியமரத்தடியில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், ஒரு வார்த்தை பேசட்டுமா என்று அவரிடம் கேட்டேன். எருமைகளுக்குச் சொன்னது முழுசாக நினைவில் இருந்தது.

"பேசுங்க. முதல்ல தண்ணி எடுத்துட்டு வாங்க" என்றார்.

தண்ணீர் எடுத்து வந்தேன். அதற்குப் பிறகு அங்கே நான் பிரசங்கம் செய்யவே இல்லை. கை ஓயவில்லை.

வேலை இதுதான். அந்த வியாதி வந்த காலுக்கு உணர்ச்சி போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது. வலி இல்லாததால் அந்தப் புண்ணோடேயே நடப்பார்கள், புண் எலும்பு வரை போகும். தகரத் தொட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் காலை ஊற வைக்க வேண்டும். பிறகு காய்த்துப்போன தோலைப் பிளேடால் சீவி, எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்ட வேண்டும். ஒரு மாதத்துக்கு வெள்ளை மாத்திரை. அட்டையில் ஒரு டிக். 'தினமும் ராத்திரி காலைக் கண்ணால பாருங்க, காலு உங்களுக்குச் சொல்லாது' என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் ஐந்து மரத்தடி.

டாக்டரம்மா ஒரு விதி வைத்திருந்தார். மரத்தடியில் பார்த்தவரை வெளியே எங்கே பார்த்தாலும் நாமாகப் பேசக் கூடாது. அவர் சிரித்தால் சிரிக்கலாம். இல்லாவிட்டால் தெரியாத முகம். வியாதியை விட வியாதி வெளியே தெரிவதுதான் அவர்களுக்குப் பயம். அதனால் யாரும் சொந்த ஊர் மரத்தடிக்கு வருவதில்லை. திருவள்ளூர்க்காரர்கள் சோழவரம் ஏரிக்கரைக்கு வருவார்கள். சோழவரத்துக்காரர்கள் திருவள்ளூருக்குப் போவார்கள். பஸ்காரர்களுக்கு எங்களால் நல்ல வியாபாரம்.

சோழவரத்தில் சனிக்கிழமை மத்தியானம். அங்கேதான் அவரைப் பார்த்தேன். எங்கள் சபைக்காரர். கடைசியிலிருந்து மூன்றாவது பெஞ்சு, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். காக்களூர்ப் பக்கம் அப்போது சின்னச் சின்னப் பட்டறைகள் வரத் தொடங்கியிருந்தன. அதில் நட்டு போல்ட்டு செய்கிற ஒன்றில் வேலை. எங்கள் சபைக் கமிட்டியில் இருந்த பட்டறை மேஸ்திரிதான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தார். அந்தச் சபைக்காரர் என்னை மரத்தடியில் பார்த்தார், திரும்பிப் பஸ் ஸ்டாப்புக்கே போய்விட்டார். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பஸ் வந்து போனது. பிறகு மெதுவாக வந்து உட்கார்ந்து, கேன்வாஸ் ஷூவைக் கழற்றி, வலது காலைத் தண்ணீரில் வைத்தார்.

"ஆணி குத்திச்சி சார்" என்றார்.

"சரிங்க" என்றேன். அட்டையில் பேர் எழுதினேன்.

இப்படி இரண்டு வருஷம் போனது. சனிக்கிழமை அவர் கால் என் மடியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் "ஸ்தோத்திரம்" சொல்லிக்கொள்வோம், எங்கள் இரண்டு பேருக்கும் கால்களே கிடையாது என்பதுபோல. பட்டறையில் அவர் ஷூவைக் கழற்றுவதே இல்லை. கேட்டவர்களுக்குப் பித்தவெடிப்பு என்று சொல்லி வைத்திருந்தார். அவர் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. நான் சொன்னதை எல்லாம் எழுத்துப் பிசகாமல் செய்தார். ஒரு நாள் புண் முழுசாக மூடியது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, இனி இவரால் யாருக்கும் ஒட்டாது, மாத்திரை மட்டும் தொடரட்டும் என்றார். கால் மட்டும் மரத்தது மரத்ததுதான், அது திரும்பாது. அவர் பஸ் ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் ஆறவைத்த முதல் பெரிய புண் அது.

இனிமேல் சொல்லப் போவதில் எனக்கு மேன்மை ஒன்றும் இல்லை.

எங்கள் சபையில் பெரிய வியாழன் சாயங்கால ஆராதனையில் போதகர் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவுவார். கர்த்தர் சீஷர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்வது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. வருஷா வருஷம் அதே பன்னிரண்டு பேர். கமிட்டிக்காரர்கள், நிலம் உள்ளவர்கள், ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர்கள். ஒருவர் இறந்தால் அவர் மகன் அந்த நாற்காலிக்கு வருவான். அன்று மத்தியானமே அவர்கள் வீட்டில் பீர்க்கங்காய் நாரால் குதிகாலைத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டிக்கொள்வார்கள். சிலர் பவுடரும் போடுவதுண்டு. அழுக்குக் காலைப் போதகரிடம் நீட்ட முடியுமா? அவர் அந்தச் சுத்தமான காலைத் தாம்பாளத்தில் வைத்து, மேலே ஒரு வாய் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுவார். பிறகு தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம்.

எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு எரிச்சல் சுலபமாக வந்தது. வாரத்தில் ஐந்து நாள் நிஜக் கால்களைக் கழுவுகிறவன் நான், நீங்கள் பவுடர் போட்ட கால்களைக் கழுவிக்கொள்கிறீர்கள் என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்புக்கு நான் அப்போது பக்தி என்று பேர் வைத்திருந்தேன்.

அந்த வருஷம் பன்னிரண்டு பேரில் ஒருவர் மகள் பிரசவத்துக்கு அரக்கோணம் போய்விட்டார். அவருக்கு மகன் இல்லை. போதகர் என்னிடம், "தம்பி, பெரிய வியாழனுக்கு ஒரு ஆள் குறையுது, பாத்து ஏற்பாடு பண்ணு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஆள் கிடைத்துவிட்டது. கழுவ வேண்டிய ஒரு கால் இந்த ஒரு தடவையாவது அந்தத் தாம்பாளத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியப் போவதில்லை. எனக்கும் கர்த்தருக்கும் தெரிந்தால் போதும். இப்படித்தான் நினைத்தேன். அந்தக் காலுக்குச் சொந்தக்காரருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது எனக்குத் தோன்றவில்லை.

முந்தின சனிக்கிழமை சோழவரம் மரத்தடியில் அவரிடம் சொன்னேன்.

"வேணாம் சார். நம்ப காலெல்லாம் அங்க கொண்டுபோய் நீட்டலாமா?"

"புண்ணு ஆறிடுச்சு. பாத்தா ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல சார்."

"அதனாலதான் சொல்றேன்."

"மேஸ்திரி வேற பக்கத்துல குந்திக்கினு இருப்பாரு. எதுக்கு சார் பேஜாரு?"

நான் விடவில்லை. "கர்த்தர் கூப்பிடறாருன்னு நெனச்சுக்குங்க" என்றேன். அதைச் சொல்லும்போது அவர் கால் என் கையில் இருந்தது. இரண்டு வருஷமாகத் தன் காலைப் பிடித்துக் கழுவுகிறவன் ஒன்று கேட்கும்போது ஒரு மனுஷன் எப்படி மாட்டேன் என்பான்?

"சரி சார். நீங்க சொல்றீங்கோ" என்றார்.

போதகரிடம் அவர் பேரை மட்டும் கொடுத்தேன். டாக்டரம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் ஊரில் காமாலை இருந்தது. கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. கால் வழியாகக் காமாலை வராது என்று செயலாளரிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார். காய்ச்ச வேண்டும் என்று தீர்மானத்தில் இருந்தது. ஆற வைக்க வேண்டும் என்று இல்லை.

கோயில் மணி அடிக்கிற பெரியவர்தான் அடுப்பு மூட்டினார். முதல் அண்டாவை மத்தியானமே காய்ச்சி இறக்கியிருந்தார், அது நன்றாக ஆறியிருந்தது. போதகர் அந்த வருஷம் என்ன நினைத்தாரோ, வழக்கமான ஒரு வாய் இல்லாமல் தாராளமாக ஊற்றிக் கழுவினார். ஏழாவது ஆளோடு தண்ணீர் தீர்ந்தது. பெரியவர் பின்பக்கம் ஓடி, அடுப்பில் இருந்த இரண்டாவது அண்டாவில் எனாமல் ஜக்கை முக்கி எடுத்துவந்து போதகர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அவருக்கு மணி அடிக்கிற வேலையும் இருந்தது.

எட்டாவது நாற்காலியில் நான் பேர் கொடுத்தவர். ஒன்பதாவதில் மேஸ்திரி. நான் நாலாவது வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தேன். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். பெஞ்சில் அவர் மனைவி பெரிய பெண்ணைத் தூக்கி நிறுத்தி, அப்பாவைப் பார் என்று காட்டிக்கொண்டிருந்தார். போதகர் அவர் முன்னால் முழங்காலிட்டபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மரத்தடியில் ஒரு நாளும் பார்த்ததில்லை, புண் மூடிய அன்றுகூட.

ஜக்கின் வாயிலிருந்து ஆவி வந்தது. நான் பார்த்தேன்.

கத்தியிருக்கலாம். என் தொண்டையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரு சத்தம் போட்டிருந்தால் ஜக் அங்கேயே நின்றிருக்கும். ஆனால் ஏன் கத்தினாய் என்று கேட்பார்களே, என்ன சொல்வது என்று யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் போதகர் ஊற்றி முடித்துவிட்டார்.

அவர் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக்கு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். போதகர் தடித்த துண்டால் துடைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்து மேஸ்திரியின் காலில் ஊற்றினார்.

"ஐயையோ! சுடுதண்ணி! இன்னாயா இது!"

மேஸ்திரி துள்ளி எழுந்தார். நாற்காலி விழுந்தது, தாம்பாளம் உருண்டது, பாட்டு நின்றது. ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே அவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அங்கே ஒரு கால் செக்கச்செவேல் என்று சிவந்து அப்படியே தரையில் இருந்தது. மேஸ்திரி குதிப்பதை நிறுத்திவிட்டார். காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் காலைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் அது என்ன என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். எல்லாரும் தன் காலைப் பார்ப்பதைப் பார்த்தார். பிறகு காலை வெடுக்கென்று மேலே இழுத்து, "ஆ... சுடுது" என்றார்.

அதைவிடக் கொடுமையான ஒரு வார்த்தையை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

போதகர் மிச்சம் மூன்று பேருக்கும் பச்சைத் தண்ணீரில் கழுவி ஆராதனையை முடித்தார். தாழ்மையைப் பற்றிய பிரசங்கம் சுருக்கமாக இருந்தது. கால் வெந்தவரும் குடும்பமும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். நான் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், வீட்டில் வைத்துக் கட்டுப் போட்டேன். புறங்கால் முழுவதும் கொப்புளம். எனக்கு நெஞ்சு வலித்தது என்று எழுதலாம். கொப்புளம் அவருக்கு இருந்தது.

சனிக்கிழமை பட்டறைக்குப் போனபோது மேஸ்திரி அவரை வாசலிலேயே நிறுத்தி, பத்து நாள் வீட்டில் இரு, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் மேஸ்திரியின் வீட்டுக்குப் போனேன். நியாயம் பேசுவதில் நான் அப்போது கெட்டிக்காரன்.

"அது ஒட்டாதுங்க. டாக்டரம்மாவே எழுதிக் குடுப்பாங்க" என்றேன்.

"எனுக்கு வெளங்குதுப்பா. ஆனா ஒரே பானைல தண்ணி குடிக்கிற பசங்க இருவது பேரு கீறானுங்க. அவனுங்களுக்கு நீ வந்து கிளாஸ் எடுப்பியா?"

"எடுக்கறேன்."

"எடுத்துட்டு சாயங்காலம் நீ ஊட்டுக்குப் போயிடுவ. காலைல மிஷின் ஓட்டறதுக்கு எவன் வருவான்?" வாசல் வரை கூடவே வந்து, "ரெண்டு வருஷமா பித்தவெடிப்புன்னு சொல்லிக்கினு இருந்தான்யா எங்கிட்ட" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

ஈஸ்டர் அன்று அவர் கட்டுப் போட்ட காலோடு கோயிலுக்கு வந்தார். வராவிட்டால் ஒப்புக்கொண்டது போல ஆகும் என்று வந்திருக்க வேண்டும். திருவிருந்தில் திராட்சரசத்துக்கு எங்களுக்கு ஒரே பாத்திரம்தான், எல்லாரும் அதில்தான் குடிக்க வேண்டும். அவர் போய் முழங்காலிட்டார். அவருக்குப் பிறகு போக வேண்டியவர்களுக்கு எல்லாம் குழந்தை அழுதது, கண்ணாடி தொலைந்தது, செருப்பு வார் அறுந்தது. நான் போய் அவர் பக்கத்தில் முழங்காலிட்டு அவருக்குப் பிறகு குடித்தேன். அது தைரியம் இல்லை. ஒட்டாது என்று படித்திருந்தேன். மிச்சத்தைப் போதகர் குடித்தார். மிச்சம் வைக்கக் கூடாது என்பது அவருக்கு விதி.

அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை. மரத்தடிக்கும் வரவில்லை. கொப்புளம் உடைந்த புறங்காலுக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும். அதனால் நான் தினமும் வீட்டுக்குப் போனேன். நாலாம் நாள் அவர் மனைவி வாசலிலேயே மறித்தார்.

"ஊட்டாண்ட வராதீங்க சார். உங்க சைக்கிள் நின்னாலே தெருவுக்கே தெரியுது, எந்த ஊட்ல அந்த வியாதின்னு. ஊட்டு ஓனரு காலி பண்ணச் சொல்லிட்டாரு."

அடுத்த முறை அந்தத் தெருவில் போனபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

டாக்டரம்மாவிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "அவர் உங்களுக்கு ஒரு மனுஷரா, இல்ல பிரசங்கமா?" என்று கேட்டார். நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். "அது உங்களுக்கு சுலபம். நாளைக்குப் பொன்னேரி ரோட்டு மரத்தடி, எட்டு மணிக்கு வந்துடுங்க" என்றார். வந்தேன். அதற்குப் பிறகு எந்தக் காலைத் தொட்டியில் வைப்பதற்கு முன்னாலும் முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்க்க ஆரம்பித்தேன், அது பச்சைத் தண்ணீராகவே இருந்தாலும். பெரிய வியாழன் வரும், போகும். நான் கோயிலில் கடைசி வரிசையில் நிற்பேன். பன்னிரண்டு நாற்காலியும் மறுபடி நிறைந்துவிட்டது.

ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து, கும்மிடிப்பூண்டி மரத்தடிகளைப் பார்த்துக்கொள்கிற சக ஊழியர் ஒரு பழைய அட்டையைக் கேட்டு எழுதியிருந்தார். அவர் பேர்தான். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்காக நிலத்தை வேலி போட்டு வளைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கம்பெனிக் கட்டடம் எழும்புகிற இடத்தில் பகல் வாட்ச்மேனாக இருக்கிறார், மாத்திரை ஒழுங்காக வாங்குகிறார், புறங்காலில் தழும்பு, உள்ளங்காலில் புதிதாகப் புண் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது. அவருக்கு வேண்டியது எல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்தது. நான் போக எந்த அவசியமும் இல்லை. அதனால்தான் போனேன் என்று இப்போது தெரிகிறது. எனக்கு மன்னிப்பு வேண்டியிருந்தது.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று, மிஷன் பட்டறையில் மெத்தென்ற ரப்பர் அடி வைத்து ஒரு ஜோடி செருப்புத் தைக்கச் சொன்னேன். அளவு கேட்டார்கள். எந்தக் குறிப்பையும் பார்க்காமலே சொன்னேன். இரண்டு பஸ் மாறி, கடைசி இரண்டு மைல் நடந்து போய்ச் சேர்ந்தேன். காக்கிச் சட்டை போட்டு, கம்பி வேலியோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே செங்கல் தூக்குகிறவர்கள் ஐம்பது பேர் இருக்கும். ஒருவர் அவரிடம் வந்து பீடி கேட்டார். அவர் தன் பீடியைக் கொடுத்தார், அந்த ஆள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அதை நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். ஸ்டூலை விட்டு எழுந்து, உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ரோடு வரைக்கும் வேகமாக வந்தார்.

"இங்கயும் வந்துட்டியா?"

அவர் என்னை எப்போதும் நீங்க, சார் என்றுதான் சொல்வார்.

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, உங்களைக் கட்டாயப்படுத்தினது நான், கர்த்தர் பேரைச் சொன்னதும் நான், ஆவியைப் பார்த்துவிட்டும் வாயைத் திறக்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டார். அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. உள்ளே யாராவது பார்க்கிறார்களா என்பதுதான் அவர் கவலை.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா போயிடுவியா?"

"போயிடறேன்."

"சரி. மன்னிச்சிட்டேன். போ."

போனேன். ரோட்டில் நல்ல வெயில். ஒரு மைல் நடந்த பிறகுதான் செருப்புப் பொட்டலம் என் கையிலேயே இருப்பது தெரிந்தது. திரும்பிப் போகக் கால் ஒரு அடி எடுத்தது. வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். அதை நிறுத்தினதுதான் அவருக்கு நான் செய்த உதவி என்று சொன்னால் மிகையில்லை. நடுரோட்டில் நின்று அழுதேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மாதாந்திரக் கூட்டத்தில் அந்தக் கும்மிடிப்பூண்டி ஊழியரிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று அவர் கேட்டால் ஆபீஸிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள் என்றேன்.

அடுத்த கூட்டத்தில் நான் கேட்காமலே அந்த ஊழியர் சொன்னார். "செருப்பு அளவு கச்சிதமா கீதாம். அன்னைக்கே போட்டுக்கினு போயிட்டாரு. யார் குடுத்ததுன்னு ஒரு வார்த்தை கேக்கல."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட இரண்டு நாள் ஆயிற்று.